இல்லை ஐயா

திருகோணமலையில் திமிங்கலம் காட்டக் கூட்டிக்கொண்டு போகும் படகுகளில் ஏறுகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். இன்றைக்கு வருமா? டிக்கெட் கிழிக்கும் பெண்ணிலிருந்து படகோட்டி வரை எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். வரும், கட்டாயம் வரும். எங்கள் படகில் மட்டும் ஒரு வருடம் ஒரு மனிதர் இருந்தார். கேட்டவரின் முகத்தை நேராகப் பார்த்து, “இல்லீங்க. இதுவரைக்கும் இல்ல” என்பார். தமிழ் தெரியாதவர்களுக்கு, “நோ சார். டில் நவ், நோ.” கேட்டது சின்னக் குழந்தையாக இருந்தாலும், கல்யாணமான கையோடு வந்த ஜோடியாக இருந்தாலும் பதில் மாறாது. படகுக்காரர்கள் அவருக்கு ‘இல்லை ஐயா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வார். இத்தனைக்கும் ரொம்பச் சாது. படகுத்துறையில் குறுக்கே படுத்திருக்கும் நாயிடம்கூட “கொஞ்சம் நகருங்க” என்பவர்.

நான் பாடாலூர்க்காரி. பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். கடலே இல்லாத ஜில்லாவில் பிறந்தவளுக்குத் திமிங்கலத்தின் மேல் எப்படி ஆசை வந்தது என்று கேட்காத ஆள் இல்லை. எனக்கே தெரியாது. சில வருடங்களாகக் கோடை விடுமுறையில் ஒரு சின்ன ஆராய்ச்சிக் குழுவோடு திருகோணமலைக்குப் போகிறேன். குழுவுக்குச் சொந்தப் படகு கிடையாது. சுற்றுலாப் படகு ஒன்றின் உரிமையாளர் எங்களுக்குச் சும்மா இடம் கொடுக்கிறார். பதிலுக்கு நாங்கள் பயணிகளுக்குத் திமிங்கலத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். சம்பளமில்லாமல் உதவ வரும் தன்னார்வலர்களைச் சேர்ப்பதும், அவர்களுக்கு வேலை சொல்வதும் என் பொறுப்பு. வருகிறவர்கள் பெரும்பாலும் என் மாணவர்கள் வயதுப் பிள்ளைகள். தோளில் கேமரா இருக்கும், பேச்சில் இங்கிலீஷ் இருக்கும். அந்த வருடம் அவர்களுக்கு நடுவே ஒரு ரெக்ஸின் பையும், டிபன் டப்பா நிறையப் புளிசோறுமாக இவர் வந்து இறங்கினார்.

“அரியலூருங்க மேடம். சிமெண்ட் ஆலையில டைம் ஆபீஸ்ல இருந்தேன். வாலண்டரி வாங்கிட்டு வாலண்டியரா வந்துட்டேன்” என்றார்.

எங்கள் பக்கத்தில் வாலண்டரி என்றால் ஒரே அர்த்தம்தான். வயது முடியும் முன்பே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வருவது. அதனால் இவர் வீட்டில் போய், ‘வாலண்டியரா போறேன்’ என்று சொன்னபோது பெரிய குழப்பமாகிவிட்டதாம். “ஏற்கெனவே ஒரு தடவை வாங்கியாச்சே, இன்னொரு தடவை எப்படிக் குடுப்பாங்க?” என்று மனைவி கேட்டிருக்கிறார். சம்பளம் கிடையாது, திமிங்கலம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான் என்று விளக்கியதும் அந்த அம்மாள், “அதுக்கு நம்ம பஸ் ஸ்டாண்டுல போயி நில்லுங்களேன்” என்றாராம். இதை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. படகின் இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர் நின்று கடலைப் பார்க்க வேண்டும். கால் மணி நேரத்துக்கு ஒரு முறை நான் கேட்பேன். பார்த்தது உண்டா, இல்லையா என்று அவர்கள் சொல்ல வேண்டும். உண்டு என்பது எவ்வளவு முக்கியமோ, இல்லை என்பதும் அவ்வளவு முக்கியம். திமிங்கலம் எங்கே இருக்கிறது என்பதை, அது எங்கே இல்லை என்பதை வைத்துத்தானே சொல்ல முடியும்? முதல் நாள் வகுப்பில் இதை நான் எல்லோருக்கும் சொல்வேன். பிள்ளைகள் தலையை ஆட்டுவார்கள், மறுநாளே மறந்துவிடுவார்கள். இல்லை என்று சொல்ல அவர்களுக்குச் சலிப்பாக இருக்கும். “மேம், நத்திங்” என்று முணுமுணுப்பார்கள், அல்லது போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இவர் மட்டும் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, “இல்லங்கறதுக்கு ஒரு மதிப்பு இருக்குன்னு சொன்னீங்கல்ல மேடம், அது நெசந்தானா?” என்று கேட்டார். நிஜம்தான் என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதி எனக்கு அப்போது புரியவில்லை.

மறுநாளிலிருந்து கால் மணிக்கு ஒரு முறை படகு முழுக்கக் கேட்கும்படி, “வலது பக்கம், இல்ல!” என்று குரல் கொடுத்தார். ஆலை வாசலில் பழகிய குரல். அவர் குரல் கொடுக்கும்போதெல்லாம் பயணிகளின் முகம் ஒரு சுற்று வாடிப்போகும். படகோட்டி தங்கமான மனிதர். இரண்டாம் நாள் அவரே வந்து, “ஐயா, கொஞ்சம் மெல்லச் சொல்லுங்கோவன். சனத்துக்குக் கேக்குது” என்றார்.

“கேக்கட்டுங்க. இல்லாததத்தான இல்லங்கறோம்.”

“அதுகள் காசு குடுத்தெல்லோ வந்ததுகள்?”

“அதனாலதாங்க சொல்றேன்” என்றார் இவர், பவ்வியமாக.

படகில் மட்டுமில்லை, எங்கேயும் அப்படித்தான். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் நம் பக்கத்தில் என்ன சொல்வோம்? கண்டிப்பா வந்துடறோம் என்போம். போவதும் போகாததும் பிறகு பார்த்துக்கொள்ளும் விஷயம். இவருக்கு ஊரிலிருந்து போன் வரும். “இல்ல மாப்ள, வரமாட்டேன். வேலை கீலை ஒண்ணும் இல்ல. வர தோதுப்படல” என்பார். கேட்டுக்கொண்டிருக்கும் எங்களுக்கு உடம்பு கூசும். கடையில் டீ எப்படி என்று கேட்டால் நன்றாக இல்லை என்பார், குடித்து முடித்துவிட்டு. ஒரு மாணவி தான் எடுத்த போட்டோவைக் காட்டி, “நல்லாருக்கா அங்கிள்?” என்றாள். “இல்லம்மா” என்றார். அவள் இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. எனக்கும் சில சமயம் எரிச்சல் வரும். உண்மை பேசுவது சரி, அதற்காக எல்லோரையும் இப்படி முகத்தில் அடிக்க வேண்டுமா என்று நினைப்பேன்.

ஒரு நாள் காற்று பலமாக இருந்ததால் எந்தப் படகும் கிளம்பவில்லை. பிள்ளைகள் ஊர் சுற்றப் போய்விட்டார்கள். துறைக்கு எதிரே ஒரு கடையில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். சும்மா பேச்சுக் கொடுக்கலாம் என்று, “அண்ணே, நீங்க சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தானா?” என்று கேட்டேன்.

“எங்க மேடம். அப்பல்லாம் இல்லங்கற வார்த்தையே என் வாயில வராது” என்றார். “எங்க வூட்டுல அரிசி தீந்துட்டா இல்லன்னு சொல்லமாட்டாங்க. நெறஞ்சு போச்சும்பாங்க.”

“எங்க வூட்டுலயும் அதே கததான்” என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு ஆலை வாசலைப் பற்றிச் சொன்னார்.

டைம் ஆபீஸ் என்பது ஆலைக்குள் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று கணக்கு வைக்கும் இடம். தினக்கூலிக்கு ஆள் எடுப்பதும் அங்கேதான். காலையில் வாசலில் கூட்டம் நிற்கும். அதில் ஒரு பகுதி, சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள். பருத்தியும் கம்பும் விளைந்த நிலம் பள்ளமாகிவிட்டது, பள்ளத்திலிருந்து கிளிஞ்சல் பதிந்த கல் வருகிறது. வீட்டுக்கு ஒரு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அவர்கள் வந்து நிற்பார்கள். இவர் வெளியே வந்து இத்தனை பேர் உள்ளே போகலாம் என்று சொல்ல வேண்டும். மீதிப் பேரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமே?

“இல்லன்னு சொல்ல மனசு வராது. தெரிஞ்ச மூஞ்சிங்க. பாதிப் பேரு எங்க ஊரு. வாசல்ல வந்து கேக்கறவங்கள வெறுவாயோட எப்படி அனுப்பறது? அதனால நாளைக்கு வாங்கன்னு சொல்லிடுவேன். சிரிச்ச மூஞ்சியாத்தான் சொல்வேன். அவங்களும் சரிங்கன்னு போயிடுவாங்க. ஆலையில எனக்கு நல்ல பேரு. டைம் ஆபீஸ்காரரு தங்கமானவரு, ஒரு நாளும் மூஞ்சியடிச்சுப் பேசமாட்டாருன்னு சொல்வாங்க.”

அவர்களில் ஒருவர் இவருடைய பங்காளி. மேலே இருந்தவர்கள் அந்த ஊர் ஆட்களை இனி எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். இவருக்கு அது தெரியும். தெரிந்தும் பங்காளியிடம் நாளைக்கு வா என்றார். மறுநாளும் அதையே சொன்னார். அந்த மனிதருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைக்கு ஆள் கேட்டு வந்திருந்தது. குடும்பத்தோடு தங்க இடமும் தருவதாகச் சொன்னார்கள். சொந்த ஊரிலேயே வேலை வரப்போகிறது, அண்ணனே சொல்கிறார், எதற்குத் திருப்பூர் என்று இருந்துவிட்டார். அந்த இடத்துக்கு வேறு ஆள் போய்விட்டது. இங்கே வேலை வரவே இல்லை.

“கடைசில அவன் பொண்டாட்டி வந்துச்சு மேடம். வாசல்ல அத்தன பேரு முன்னாடி நின்னுச்சு. திட்டல. ‘மாமா, இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க எங்கயாச்சும் போயி பொழச்சிருப்போம்ல’ன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான். நான் அன்னிக்கு எழுதிக் குடுத்ததுதான் வாலண்டரி.”

“இப்ப அவர் என்ன பண்றாரு?”

“இருக்கான். எந்த வேலை கெடைக்குதோ அதப் பாக்கறான். என்னப் பாத்தா இப்பவும் கும்புடறான். ரெண்டு திட்டு திட்டுனாக்கூட நல்லாருக்கும்.”

உங்கள் மேல் தப்பில்லை அண்ணே என்று ஏதோ சொன்னேன். “இல்ல மேடம், தப்புதான்” என்று அதற்கும் இல்லை போட்டார். அன்றிலிருந்து அவர் கடலைப் பார்த்து இல்லை என்று கத்தும்போது எனக்கு எரிச்சல் வரவில்லை. யாருக்கோ சொல்லாமல் விட்டதைத் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும்.

அவர் அங்கே இருந்த நாட்களில் திமிங்கலங்கள் வராமல் இல்லை. ஆனால் எப்போதும் இன்னொருவர் நிற்கும் பக்கமாகவே வந்தன. அவர் ஓடி வருவதற்குள் முதுகும் வாலும் உள்ளே போயிருக்கும். அதை அவர் குறையாகச் சொன்னதே இல்லை. ஊருக்குக் கிளம்புவதற்குச் சற்று முன்புதான் அது நடந்தது. அன்று படகு நிறையக் கூட்டம். மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு பெண் முந்தின நாளும் வந்து ஏமாந்தவர். மறுபடியும் காசு கட்டி ஏறியிருந்தார். இடது பக்கம் டால்பின்கள் கும்பலாக வந்துவிட்டன. படகே இடது பக்கம் சாய்ந்துவிட்டது போல எல்லோரும் அங்கே போய் நின்றார்கள். வலது பக்கம் இவர் ஒருவர்தான், தன் முறை என்பதால்.

கால் மணி ஆனதும் நான் வழக்கம்போல, “வலது பக்கம்?” என்று கேட்டேன். சத்தத்தைக் காணோம். இன்னொரு முறை கேட்டேன்.

“இருந்துச்சு” என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. “ஒண்ணு பெருசு. பக்கத்துல ஒரு குட்டி. கிட்டக்க வந்து மூச்சு விட்டுச்சு மேடம். அப்புறம் உள்ள போயிடுச்சு.”

படகு முழுவதும் வலது பக்கம் திரும்பியது. வெறும் தண்ணீர்தான். படகோட்டி வட்டம் அடித்துப் பார்த்தார், காத்திருந்து பார்த்தார். ஒன்றும் எழவில்லை. மட்டக்களப்புப் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. “கண்டனீங்கள் எண்டா ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதோ? ஒவ்வொரு தரமும் இல்லை இல்லை எண்டு கத்தத் தெரியுது, இதுக்கு மட்டும் வாய் இல்லையோ?” என்றார். இன்னும் சிலர் காசைத் திருப்பிக் கொடு என்று படகோட்டியிடம் மல்லுக்கு நின்றார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவர் பேச்சையும் வாங்கிக்கொண்டார். “தப்புதாங்க. என் தப்புதாங்க” என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நினைத்திருந்தால் நான் கேட்டபோது வழக்கம்போல இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவரால் அது முடியாது.

கரைக்கு வந்த பிறகு அவர் சாப்பிட வரவில்லை. துறையில் உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கூப்பிட்டேன்.

“இத்தன நாளா இல்ல இல்லன்னே சொல்லிச் சொல்லி, இருக்குன்னு சொல்ல வாய் பழகல மேடம்” என்றார். “அது என்னப் பாத்த மாதிரி இருந்துச்சு. ஒத்த ஆளுக்கா இவ்வளவுன்னு இருந்துச்சு. அவங்க காசு குடுத்து வந்தவங்க. நான் ஓசில வந்தவன். நான் மட்டும் பாத்துட்டேன்.”

திமிங்கலத்தைப் பார்த்துவிட்டு வருத்தப்பட்ட ஒரு மனிதரை நான் பார்த்தது அப்போதுதான். அவர் ஊருக்குக் கிளம்பும்போது, “அடுத்த வருசமும் வரலாங்களா?” என்று கேட்டார். வாங்கண்ணே என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

சில வாரங்கள் கழித்துக் குழுத் தலைவர் போன் செய்தார். படகு உரிமையாளர் வருத்தப்பட்டாராம். இடம் கொடுப்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை, அந்த அரியலூர்க்காரர் மட்டும் வேண்டாம், ஆட்கள் அடுத்த படகுக்குப் போய்விடுகிறார்கள் என்றாராம். உரிமையாளர் சொன்னதில் தப்பில்லை. அவருக்கு அது பிழைப்பு. எங்களுக்கும் வேறு படகு கிடையாது. “நீங்க ஒரே ஊர்ப் பக்கம், நீங்களே பதமாச் சொல்லிடுங்க” என்றார் தலைவர். சரி என்றேன்.

மாசி பிறந்ததும் அவர் போன் செய்தார். “எப்ப மேடம் கிளம்பறது?” இன்னும் தேதி முடிவாகவில்லை அண்ணே என்றேன். அது உண்மைதான். அடுத்த முறை கேட்டபோது ஆட்களை இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். அது உண்மை இல்லை. அதற்கு அடுத்த முறை வகுப்பில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்றேன். அப்போது நான் என் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அவர், “சரிங்க மேடம், அவசரமில்ல” என்பார். ஆலை வாசலில் அவர் என்ன செய்தாரோ அதையேதான் நான் அவருக்குச் செய்துகொண்டிருந்தேன். அதனால் என்ன ஆகும் என்று தெரியாமல் அவர் செய்தார். நான் அவர் வாயாலேயே கதையைக் கேட்ட பிறகு செய்தேன். இது எனக்கு நன்றாகத் தெரிந்தது, தெரிந்தும் நாக்கு எழவில்லை.

கடைசியாக அவர் பேசியபோது போகிற போக்கில் ஒன்று சொன்னார். “இங்க ஒரு ஸ்கூல்ல ஆபீஸ் வேலைக்குக் கூப்புட்டாங்க மேடம். ஏப்ரல், மே லீவு தரமாட்டோம்னாங்க. நமக்கு அப்பதான கடல் வேலை? வேணாம்னு சொல்லிட்டேன்.”

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அண்ணே, நீங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. படகுக்காரருக்கு உங்களப் பிடிக்கல. எப்படிச் சொன்னாலும் கல்லாகத்தான் விழுந்தது. எதிரே சிமெண்ட் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

வீடு ஊருக்கு வெளியே, ரோட்டோரம். அவர் கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி என்னை உட்கார வைத்து விசிறியைப் போட்டார்.

“பாடாலூர் மேடமா? உங்களப் பத்திப் பேசாத நாளில்ல. அங்க போயிட்டு வந்தப்புறந்தாங்க மனுசன் மனுசனா இருக்காரு. முன்னல்லாம் சோறு தட்டுல இருக்கும், இவரு வேற எங்கயோ இருப்பாரு. இப்ப நல்லா சாப்புடறாரு, சிரிக்கறாரு. ஊரெல்லாம் இல்ல இல்லன்னு சொல்லிக்கிட்டுத் திரியறாரு, அது ஒண்ணுதான். நீங்களாச்சும் அவருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க.”

அவர் வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. தேதி சொல்லத்தான் நேரில் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். பீரோ மேலிருந்த ரெக்ஸின் பையைக் கண்ணால் காட்டி, “எல்லாம் ரெடி மேடம்” என்றார். அவர் மனைவி டீ போட உள்ளே போனார். இனிமேல் தள்ளிப்போட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

“இல்லண்ணே” என்றேன். “இந்தத் தடவை உங்களால வர முடியாது.”

“ஏங்க மேடம்?” என்றார்.

மனதுக்குள் சொல்லிப் பார்த்த அத்தனையும் தொண்டை வரை வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் அந்த அம்மாள் டம்ளர் எடுக்கும் சத்தம் கேட்டது.

“இடம் இல்லண்ணே” என்றேன்.

அவர் பெரிதாக மூச்சு விட்டார். பிறகு உள்ளே பார்த்து உரக்கச் சொன்னார். “பாத்தியா, மேடம் பஸ் ஏறி வந்து, மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்லிட்டாங்க. இதாண்டி மரியாதைங்கறது. படிச்சவங்கன்னா இப்படி இருக்கணும்.”

நான் தரையைப் பார்த்தேன்.

“இடம் இல்லன்னா யாரு என்ன பண்ண முடியும் மேடம்? பரவால்ல” என்றார், எனக்கே ஆறுதல் சொல்வது போல. “அடுத்த வருசம் இடம் இருக்கும்ல? அந்த ஸ்கூல்காரங்க நேத்திக்கும் ஆள் விட்டுக் கேட்டாங்க. அப்ப அவங்களுக்கு முடியாதுன்னே சொல்லிடறேன். இடம் இருக்கறப்ப கூப்புடுங்க, நான் வந்துடறேன்.”

சரிண்ணே என்றேன்.